மின்னோட்டம்: பட்டும் சரிகையும் கற்பிக்கும் பாடம்

(வாலாசாபாத்தில் பள்ளி மாணவர்க்கு ஆற்றப்பெற்ற உரை)



வீட்டில் விளக்கணைந்தால் "கரண்டு போய்விட்டது" என்கின்றனர் மக்கள். நாள்தோறும் நாவிற் புரளும் அச்சொல்லுக்குப் பொருள் யாதெனக் கேட்டால் மேல்வகுப்பு மாணவரும் விழிக்கின்றனர். 'ஓட்டம்' என்பதே அதன் பொருள். எது ஓடுகிறது? எதனால் ஓடுகிறது? எது அதனைத் தடுக்கிறது? 'மின்னோட்டம்' என்று தமிழிற் சொன்ன அளவிலேயே இம்மூன்று வினாக்களும் உள்ளத்தில் எழுகின்றன. வினா எழுந்த இடத்திலன்றோ அறிவியல் பிறக்கிறது!

'எலெக்ட்ரிக்' என்னும் சொல்லுக்கு மூலத்தை 1600 இல் தம் இலத்தீன் நூலில் ஆண்டவர் கில்பர்ட்டு என்னும் ஆங்கில மருத்துவர். இறுகிய மரப்பிசினாகிய நிமிளையைத் தேய்த்தால் அது துரும்பை இழுக்கும். நிமிளைக்குக் கிரேக்கர் இட்ட பெயரே அச்சொல்லின் வேர். அவ்வேர் பிசினைக் காட்டுகிறது. தமிழின் 'மின்' என்னும் வேரோ வானத்து மின்னலையே காட்டுகிறது. மின்னலும் உராய்வில் எழும் மின்னும் ஒன்றே என்பதை, பிராங்கிளின் வகுத்த வழியில் 1752 இல் நடந்த ஆய்வு நிறுவியது. இதனால், நம் முன்னோர் மின்னியல் முழுதும் அறிந்திருந்தனர் என வீண்பெருமை பேசற்க. கண்டவர் பிறர்; அவர்க்கு நன்றி கூறி, கண்டதை நம் மொழியில் தெளியக் கற்பதே நேர்மை.

எது ஓடுகிறது? பொருள்களெல்லாம் அணுக்களால் ஆனவை. அணுவினுள் எதிர்மின்னிகள் உள்ளன. செம்பு, வெள்ளி போன்ற மாழைகளில் அவற்றுட் சில, ஓர் அணுவிற்குக் கட்டுப்படாமல் உலவும். அவை ஒரு திசை நோக்கி நகர்வதே கம்பியில் ஓடும் மின்னோட்டம். எதிர்மின்னி அறியப்படும் முன்னரே ஓட்டத்தின் திசை வகுக்கப்பட்டமையால், ஏட்டில் அது எதிர்மின்னி செல்லும் திசைக்கு மாறாகக் குறிக்கப்படுகிறது.

எல்லாப் பொருளிலும் இவ்வோட்டம் நிகழுமோ? இதற்கு விடை காஞ்சிப் பட்டிலேயே உள்ளது. 1729 இல் இங்கிலாந்தில் இசுடீவன் கிரே என்பார், நீண்ட சணற்கயிற்றைப் பட்டிழைகளில் தொங்கவிட்டு, அக்கயிற்றின் வழியே மின்னைச் செலுத்தினார். பட்டிழை அறுந்தது. அதற்கீடாகப் பித்தளைக் கம்பியைக் கட்டினார். மின் மறுமுனையை எட்டாமல் கம்பி வழியே கசிந்தொழிந்தது. பட்டு மின்னைக் கடத்தாது, மாழை கடத்தும் என்னும் உண்மை இவ்வாறு புலப்பட்டது. நற்சேலையின் சரிகையோ, பட்டிழைமேல் வெள்ளி சுற்றிப் பொன் பூசியது. மாழைகளுள் மின்னை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. ஆகவே கடத்தியும் கடத்தாப்பொருளும் ஒரே தறியில், ஒரே சேலையில் அமைந்துள்ளன! நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இதனினும் சிறந்த பாடநூல் வேண்டுமோ?

எதனால் ஓடுகிறது? மேல்நிலைத் தொட்டியின் உயரம் குழாய்நீரை உந்துவதுபோல், மின்னழுத்தம் மின்னை உந்துகிறது. 1800 இல் இத்தாலியர் வோல்ட்டா, வெள்ளித் தகடும் துத்தநாகத் தகடும் மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, இடையறாது ஓடும் மின்னை முதன்முதற் பெற்றார். பாலாற்று மணல் நீரின் விரைவைத் தடுப்பதுபோல, கம்பியும் மின்னைத் தடுக்கும். அதுவே மின்தடை. அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும் என்னும் விதியைச் செருமானியர் ஓம் 1827 இல் வெளியிட்டார். 3 வோல்ட்டுக் கைவிளக்கில் குமிழின் தடை 10 ஓம் எனின், ஓட்டம் 0.3 ஆம்பியர்.

இவ்விதி தேர்வுக்கு மட்டுமன்று, உயிர்க்கும் காப்பு. வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு. ஈரக்கையின் தடை மிகக் குறைவு. உடலின் தடை 1,000 ஓம் அளவிற்குத் தாழின், 0.23 ஆம்பியர் உடலிற் பாயும். வெறும் 0.03 ஆம்பியர் கசிந்தாலே மின்னைத் துண்டிக்குமாறு காப்புக் கருவிகள் அமைக்கப்படுகின்றன என்றால், அதன் கொடுமை விளங்கும். இவ்வூர் வழியே செல்லும் செங்கற்பட்டு–அரக்கோணம் இருப்புப்பாதையின் மேற்கம்பியில் இருப்பது 25,000 வோல்ட்டு. தொடாவிடினும் நெருங்கினாலே பாயவல்லது. எனவே ஆய்வு செய்ய விழைவோர் கைவிளக்கு மின்கலங்களோடு நிற்க.

வோல்ட்டு, ஓம், ஆம்பியர் என்பன அறிஞர் பெயர்கள்; அவற்றை மாற்ற வேண்டா. ஆனால் ஓட்டம், அழுத்தம், தடை, சுற்று என்பன கருத்துகள். கருத்தைத் தாய்மொழியிலன்றி நெஞ்சு பற்றாது. மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கந் தொடங்கிய அதே 1916 இல், சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு கழகம் நிறுவினர். நூறாண்டு கடந்தும், தமிழில் அறிவியல் இயலுமோ என ஐயுறுவார் உளர். அவர்க்கு விடை பெருமேடைகளில் இல்லை. இன்று மாலை வீடு சென்று, "கரண்டு என்றால் என்ன?" எனத் தறியில் அமர்ந்திருக்கும் அன்னைக்குப் பட்டையும் சரிகையையும் காட்டி விளக்கும் மாணவனிடம், மாணவியிடம் உள்ளது.

கற்க தமிழில்! கற்பிக்க தமிழில்!