இடம் கொடுத்தால் போதுமா?

(மாணவரணிக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியில் ஓர் இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறோமே, அது சரிதானா? அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் வரலாறு இதற்குத் தெளிவான பதிலைச் சொல்கிறது. நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்ததை மட்டும் இங்கே சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள்.

1865ல் நிறுவப்பட்ட கார்னெல், எவரும் அங்கே வந்து படிக்கலாம் என்ற கொள்கையோடு தொடங்கியது. கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே நுழைந்த கறுப்பின மாணவர்களை வெள்ளை மாணவர் சங்கங்கள் சேர்த்துக் கொள்ளவில்லை. பாதியில் படிப்பை விட்டுப் போனவர்கள் உண்டு. இதைக் கண்ட ஏழு மாணவர்கள் 1906 டிசம்பர் 4 அன்று 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா' என்ற சகோதர சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒருவருக்கொருவர் கைகொடுக்கத் தொடங்கிய அந்தச் சங்கம் நாடெங்கும் பரவியது. மார்ட்டின் லூதர் கிங்கும் அதன் உறுப்பினர்தான்!

கலப்பதா, பிரிவதா?

1962 மார்ச்சில் மால்கம் எக்ஸும் ஜேம்ஸ் ஃபார்மரும் இதே கார்னெலில் மேடையேறி வாதிட்டார்கள். வெள்ளையரோடு கலந்து வாழ்வதா, பிரிந்து நிற்பதா என்பதே வாதம். பத்தாண்டுகள் கழித்து மாணவர்களே அதற்கு ஒரு பதில் கண்டார்கள். ஆனால் அதற்கு முன் அவர்கள் நெருப்பைக் கடக்க வேண்டியிருந்தது.

அன்றைய பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் பெர்க்கின்ஸின் முயற்சியால் 1969ல் கறுப்பின மாணவர் எண்ணிக்கை சுமார் 250 ஆனது. எண்ணிக்கை கூடியது, நிம்மதி கூடவில்லை. கறுப்பின மாணவிகள் தங்கியிருந்த 'வாரி இல்லத்தின்' வாசலில் ஏப்ரல் 18 அதிகாலையில் ஒரு சிலுவை கொளுத்தப்பட்டது. கறுப்பர்களை மிரட்ட வெள்ளை வெறியர்கள் கையாண்ட அடையாளம் அது. உறங்கிக் கொண்டிருந்த அந்தப் பெண்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்!

மறுநாள் மாணவர்கள் வில்லார்ட் ஸ்ட்ரெயிட் மன்றக் கட்டிடத்தைக் கைப்பற்றினார்கள். வெள்ளை மாணவர் சிலர் உள்ளே புகுந்து விரட்டப் பார்க்க, தற்காப்பு என்று துப்பாக்கிகள் உள்ளே போயின. சுமார் 36 மணி நேரம் கழித்து அவர்கள் துப்பாக்கிகளோடு வெளியே வந்த புகைப்படம் உலகெங்கும் பரவியது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆயுதம் ஏந்தியதை நாம் மெச்சவில்லை. படிக்க வந்த பிள்ளைகளை அந்த நிலைக்குத் தள்ளியது எது என்றுதான் கேட்கிறோம்.

எரித்தாலும் எழுந்தது

அந்த ஆண்டே கார்னெலில் ஆப்பிரிக்க, கறுப்பின ஆய்வு மையம் பிறந்தது. 1970 ஏப்ரல் 1 அன்று அது தீக்கிரையானது. ஆனாலும் மூடவில்லை, வேறு கட்டிடத்தில் தொடர்ந்தது. 1972ல் 'உஜமா' என்ற விடுதி திறக்கப்பட்டது. ஸ்வாஹிலி மொழியில் குடும்பமாய் வாழ்தல் என்று பொருள். அந்தச் சொல்லின் வேர் நமக்குப் பழகிய 'ஜமாஅத்' என்ற அரபிச் சொல்தான்! கறுப்பின வாழ்வையும் வரலாற்றையும் போற்றும் அந்த விடுதியில் எந்த இனத்தவரும் தங்கலாம்.

கலப்பதா, பிரிவதா என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட பதில் இதுதான்: பொது வளாகத்திற்குள்ளேயே நமக்கென்று ஒரு வீடு! வீட்டில் அச்சமின்றி உறங்கியவன்தான் காலையில் பொது வகுப்பறைக்குத் தலைநிமிர்ந்து வருவான்.

கொண்டாட்டமும் அப்படித்தான். ஒஹையோவின் கென்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் 1970ல் கறுப்பின வரலாற்று மாதத்தைக் கொண்டாடினார்கள். 1976ல் அதிபர் ஃபோர்டு அதை நாடு முழுமைக்கும் ஏற்றார். சிலர் தங்களுக்காகத் தொடங்கியது எல்லோருக்கும் பாடமானது.

இன்று காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதை 2023 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. யூட்டா மாநிலத்தின் புதிய சட்டத்தால் 2024ல் யூட்டா பல்கலைக்கழகம் தன் கறுப்பினப் பண்பாட்டு மையத்தை மூடியது. ஓரினத்திற்கு மட்டும் தனி மையம் எதற்கு என்கிறார்கள். வாரி இல்லத்தின் வாசலில் எரிந்த நெருப்பு அதற்குப் பதில் சொல்லும்!

இறுதியாக ஒன்று. 1969ல் அந்தக் கட்டிடத்திற்குள் இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் ஜோன்ஸ். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் அறங்காவலரானார். தாங்கள் எதிர்த்து நின்ற பெர்க்கின்ஸின் பெயரிலேயே இன நல்லிணக்கத்திற்கு ஒரு பரிசை நிறுவினார். தன் வீட்டைப் பெற்றவன் பகையை விட்டான்!

சகோதரர்களே! உங்கள் வகுப்பிலும் யாரோ ஒருவர் கடைசி பெஞ்சில் தனியாக அமர்ந்திருப்பார். இடம் கிடைத்தும் துணை கிடைக்காதவர் அவர். நாளைக் காலை முதலில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.