பூனையோட ரோமம் ஒரு லாக் ஃபைல்

இன்னிக்கு எபிசோட் பூனையைப் பத்தி. பூனை வளக்காதவங்களும் கொஞ்சம் இருங்க, உங்களுக்கும் இதுல விஷயம் இருக்கு.

1930-ல சோவியத் ரஷ்யாவுல இருந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதினவங்க ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் இல்யின்னுதான் பேர். அவங்க பண்ணினது சிம்பிளான வேலை. சயாமீஸ் பூனையோட உடம்புல ஒரு இடத்துல முடியை மழிச்சுட்டு, அது திரும்ப முளைக்கிறப்போ என்ன நிறத்துல வருதுன்னு பாத்தாங்க. குளிர்ல வளந்த முடி கறுப்பா வந்தது. கதகதப்புல வளந்த முடி வெளுப்பா வந்தது. அதே பூனை, அதே தோல், அதே மரபணு. மாறினது வெப்பநிலை மட்டும்தான்.

இந்த ஒரு விஷயம் புரிஞ்சுட்டா, இந்தப் பூனைங்க வயசாக ஆக ஏன் நிறம் மாறுதுன்னு தானாவே புரிஞ்சுடும்.

முதல்ல ஆளை அடையாளம் காட்டிடறேன். உடம்பு முழுக்க க்ரீம் கலர். மூஞ்சி, காது, நாலு பாதம், வால் மட்டும் கருகின மாதிரி இருக்கும். கண்ணு நீலம். இதுக்குப் பேர் கலர்பாயிண்ட். தாய்லாந்துக்கு முன்னாடி சயாம்னு பேர் இருந்ததால சயாமீஸ். தாய்லாந்தோட பழைய சுவடிகள்லயே இந்தப் பூனையைப் படம் வரைஞ்சு வெச்சிருக்காங்க. 1871-ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல நடந்த பூனைக் கண்காட்சியில ஐரோப்பியக் கூட்டம் இதைப் பாத்தது. அப்புறம் ஹிமாலயன், ராக்டால், பாலினீஸ்னு பல இனங்களுக்கும் இந்த டிசைன் போயிடுச்சு.

இந்த மரபணு ஒடுங்கு வகை. அதாவது அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் ஒவ்வொரு காப்பி வந்தாத்தான் வெளியில தெரியும். ஒரு காப்பி மட்டும் இருந்தா பூனை சாதாரணமாத்தான் இருக்கும், ஆனா உள்ள எடுத்துட்டுப் போகும். அதனால சாதாரணமா தெரியிற ரெண்டு பூனைக்குப் பொறந்த குட்டிகள்ல ஒண்ணு மட்டும் திடீர்னு சயாமீஸ் மாதிரி வரலாம்.

சரி, உள்ள என்ன நடக்குது?

முடிக்கு நிறம் குடுக்கிறது மெலனின். மெலனின் தயாரிக்க டைரோசினேஸ்னு ஒரு என்சைம் வேணும். நம்ம சமையல்கட்டுல இதோட சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கார். கத்தரிக்காயை நறுக்கி அப்படியே வெச்சா கறுத்துப் போகுதே, அங்கயும் செம்பு வெச்சு வேலை செய்யிற ஒரு என்சைம்தான் காரணம். அதே குடும்பம்.

டைரோசினேஸ் ஐநூறுக்கு மேல அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. சயாமீஸ் பூனையில அந்தச் சங்கிலியோட 302-வது இடத்துல கிளைசினுக்குப் பதிலா ஆர்ஜினின் உக்காந்திருக்கு. ஒரே ஒரு மாற்றம். 2005-ல இதைக் கண்டுபிடிச்சு எழுதினாங்க. இந்த மாற்றத்தால என்சைம் செத்துப் போகலை. சூட்டுல மட்டும் உருக்குலைஞ்சு வேலை செய்யாம போயிடுது. சில டிகிரி குளிர்ந்தா மறுபடி வேலைக்கு வந்துடும். நம்ம லேப்டாப் சூடானா பிராசசர் தானா வேகத்தைக் குறைச்சுக்குமே, கிட்டத்தட்ட அதே கதை.

பூனையோட உடம்பு உள்ள 38, 39 டிகிரி செல்சியஸ் இருக்கும். அந்தச் சூட்டுல என்சைம் படுத்துடும், அதனால உடம்பு வெளுப்பு. காது மடல், பாதம், வால் எல்லாம் இதயத்துல இருந்து தூரம், சீக்கிரம் ஆறிடும். மூக்கு வழியா காத்து போயிட்டு வந்துட்டே இருக்கிறதால மூஞ்சியும் கொஞ்சம் குளிர்ச்சி. அங்கல்லாம் என்சைம் வேலை செய்யுது, கறுப்பு விழுது. ஒரு கலர்பாயிண்ட் பூனையைப் பாக்கறப்போ நீங்க பாக்கிறது அதோட தோலோட வெப்பநிலை வரைபடத்தை.

இதே கோளாறு மனுஷங்ககிட்டயும் இருக்கு. 1991-ல மருத்துவர்கள் ஒருத்தரைப் பத்தி எழுதினாங்க: தலைமுடி வெள்ளை, கை கால்ல இருக்கிற முடிக்கு மட்டும் நிறம். அங்கயும் குற்றவாளி சூடு தாங்காத டைரோசினேஸ்தான்.

இப்போ வயசு விஷயத்துக்கு வரலாம்.

கலர்பாயிண்ட் குட்டி பொறக்கிறப்போ சுத்த வெள்ளை. அம்மா வயித்துக்குள்ள காதும் சூடு, வாலும் சூடு, எல்லாமே ஒரே சூடு. அதனால எங்கயும் நிறம் விழாது. வெளியில வந்து கொஞ்ச நாள்ல காது ஓரம், மூக்கு, வால் நுனின்னு கறுக்க ஆரம்பிக்கும். மாசக்கணக்குல அது முகமூடி மாதிரி பரவும்.

அதோட நிக்காது. வளந்த பூனைக்கும் வருஷா வருஷம் முதுகு, விலா, தொடைன்னு நிறம் ஏறிட்டே போகும். வயசாக ஆக தோலுக்குப் போற ரத்த ஓட்டம் குறையுது. ஓட்டமும் தாவலும் குறையுது. தோலுக்கு அடியில கொழுப்பு சேந்தா, உள்ள இருக்கிற சூடு வெளித்தோலுக்கு வராம தடுத்துடும். இப்படித் தோல் ஒரு டிகிரி, ரெண்டு டிகிரி ஆறினாலே போதும், இத்தனை வருஷம் தூங்கிட்டு இருந்த என்சைம் அங்க எழுந்துக்கும். ரெண்டு வயசுல பால் கலர்ல இருந்தது பத்து வயசுல காபி கலர்ல வந்து நிக்கும்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஏற்கெனவே வளந்த முடி நிறம் மாறாது. முடி உயிரில்லாத பொருள். வேர்ல இருந்து வளர்ற நேரத்துல தோல் என்ன சூட்டுல இருந்ததோ, அதுக்கேத்த நிறத்தோட வெளிய வரும், அவ்வளவுதான். பழைய முடி உதிர்ந்து புதுசு வந்தாத்தான் மாற்றம் தெரியும். நாங்க ஆபீஸ்ல லாக் ஃபைல்னு சொல்லுவோமே, அதே குணம். எழுதினதைத் திருத்த முடியாது, கீழ புது வரியைத்தான் சேக்க முடியும். அந்த ஃபைலைப் படிக்கத் தெரிஞ்சா பூனையோட சமீபத்திய வாழ்க்கை அதுல இருக்கும். கால்ல கட்டு போட்டு ரொம்ப நாள் மூடி வெச்சிருந்தா, அந்த இடம் கதகதப்பா இருந்ததால முடி வெளுப்பா வரும். ஆபரேஷனுக்காக விலாவுல மழிச்சிருந்தா, போர்வை இல்லாத தோல் குளிர்ந்து, அங்க கறுப்பா ஒரு கட்டம் முளைக்கும். அடுத்த சுற்று முடி கொட்டி முளைக்கிறப்போ அதுவும் மெல்ல மறைஞ்சுடும்.

இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப் போகுதுன்னு கேக்கறவங்களுக்கு, கோயம்புத்தூர்ல இருந்து ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்டோட கதையைச் சொல்றேன். அவங்க வீட்டுப் பூனை பேரு வெண்ணெய். வாங்கறப்போ வெண்ணெய் நிறம்தான். பதினோரு வயசு ஆகுது. போன தீபாவளி அன்னிக்கு வெடிச் சத்தத்துல பயந்து ஓடிடுச்சு. அவங்க மாமியார் போன்ல இருந்து எடுத்த ஒரு நல்ல போட்டோவை அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்புல போட்டாங்க. அந்தப் போட்டோ வெண்ணெய்க்கு மூணு வயசுல எடுத்தது. மூணு நாள் தேடியும் கிடைக்கல. நாலாவது நாள் பக்கத்து பிளாக் வாட்ச்மேன் ஐயா ரூம்ல கட்டிலுக்கு அடியில இருந்தது. அவர் முதல் நாள்ல இருந்தே அதுக்குச் சோறு வெச்சுட்டு இருந்திருக்கார். அவர்கிட்டயும் போட்டோ காட்டியிருக்காங்க. அவர் சொன்னாராம்: "ஏனுங்கம்மா, நீங்க காட்டினது வெள்ளைப் பூனைங்க. நான் சோறு வெச்சது காபி கலர் பூனைங்க."

அந்த நேயர் கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணா, தினமும் மடியில வெச்சுக்கிற பூனை. இது இவ்வளவு மாறினது எங்க யாருக்குமே எப்படித் தெரியாம போச்சு?"

தெரியாதுங்க. தினம் பாக்கறவங்களுக்கு அந்த மாற்றம் கண்ல படாது. ஒரு நாளைக்கு ஒரு முடி, ரெண்டு முடின்னு எட்டு வருஷம் நடந்த மாற்றம் அது. வாட்ச்மேன் ஐயா அன்னிக்குத்தான் முதல் தடவை பாக்கறார், அதனால இருக்கிறதை இருக்கிறபடி பாத்தார்.

அதனால உங்க வீட்டுல கலர்பாயிண்ட் பூனை இருந்தா சில வேலை பண்ணுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை பக்கவாட்டுல முழு உடம்பும் தெரியிற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. குட்டியா வாங்கறப்போ காட்டின நிறம் அப்படியே நிக்கும்னு எதிர்பாக்காதீங்க. கறுத்துடுச்சுங்கறதால மட்டும் கலப்படம், ஏமாத்திட்டாங்கன்னு முடிவு பண்ணவும் வேணாம். அழுக்குன்னு நினைச்சு வாராவாரம் ஷாம்பு போட்டுத் தேய்க்காதீங்க, அது போகாது. வெயில் காலம்னு ஒட்ட மழிச்சு விட்டா திரும்பி வர்றப்போ கறுப்பா வரலாம். கருத்தடை ஆபரேஷன் பண்ணப் போறீங்கன்னா, விலாப் பக்கமா வயித்துப் பக்கமான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க. இந்த இனத்துக்கு அடி வயித்துல போடறதைப் பல டாக்டர்களே விரும்புவாங்க, மழிச்ச இடத்துல நிறம் மாறினாலும் வெளிய தெரியாதே.

மெதுவா, வருஷக்கணக்குல கறுக்கிறது நோய் இல்லை. ஆனா கூடவே எடை குறையுது, நிறைய தண்ணி குடிக்குது, முடி திட்டுத்திட்டா கொட்டுதுன்னா அது வேற கதை, டாக்டர்கிட்ட போங்க.

இன்னொண்ணு. முதுகு கறுக்குதுன்னா அந்த முதுகோட தோல் முன்ன மாதிரி சூடா இல்லைன்னு அர்த்தம். அந்த லாக்ல இருக்கிற கடைசி வரி அது. வெண்ணெய் ஏன் இப்போல்லாம் செட்டாப் பாக்ஸ் மேல ஏறி உக்காருது, ஏன் ராத்திரி ஏசி போட்டதும் போர்வைக்குள்ள நுழையுதுன்னு அந்த நேயர் அதே வாய்ஸ் நோட்ல சிரிச்சுட்டே சொன்னாங்க. அதுக்குக் குளிருதுங்க. ஒரு பழைய காட்டன் புடவையை நாலா மடிச்சு, வெயில் விழற ஜன்னல் ஓரமா போட்டு வைங்க.

இந்த வாரம் இவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டுப் பூனையோட முதல் போட்டோவையும் இன்னிக்கு எடுத்த போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.