இரண்டு பெயர், ஒரே ஏடு



பால்மரங்கள் நின்ற பூச்சோங் இன்று நகரமாகிவிட்டது. காசல்பீல்ட், கின்ராரா என்ற தோட்டப் பெயர்களை நம் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அப்பள்ளிகளில் படித்த பிள்ளைகள் சிலர், இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் கணினிக்குக் கட்டளை எழுதப் பழகுகிறார்கள். அவர்களைத் திணறவைக்கும் ஒரு சங்கதியை, நமக்குப் பழக்கமான செக்ரோலை வைத்தே பார்ப்போம்.

நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட கணினிமொழி பைத்தன். அதில் 'அகராதி' என்று ஒன்று உண்டு. சொல்லுக்கு எதிரே பொருள் இருப்பதுபோல, பெயருக்கு எதிரே விவரம் இருக்கும். முனியம்மா, 26 நாள். பெருமாள், 24 நாள். கிராணியார் எழுதும் செக்ரோல்தானே இது!

ஜனவரிக் கணக்கு முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரியிலும் அதே ஆட்கள். மாணவன் 'பிப்ரவரி' என்று எழுதி, சமக்குறி போட்டு, 'ஜனவரி' என்று எழுதுகிறான். பிறகு பிப்ரவரியில் முனியம்மாவுக்கு 22 நாள் என்று திருத்துகிறான். ஜனவரியைப் பார்த்தால் அங்கும் 22! அந்த அம்மாள் பாடுபட்ட நான்கு நாள் கூலி மறைந்துவிட்டது. தவறு நேர்ந்ததாகக் கணினி ஒரு வார்த்தையும் சொல்லாது.

காரணம் என்ன? கணக்குப் பாடத்தில் சமக்குறி என்றால் இரு பக்கமும் சமம். பைத்தனில் அது பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலை. இங்கே புதிய ஏடு உண்டாகவில்லை. பழைய ஏட்டின்மேல் இரண்டாவது சீட்டு ஒட்டப்பட்டது. எந்தப் பெயரைச் சொல்லித் திறந்தாலும் அதே ஏடுதான்.

இதற்கு வழி உண்டு. 'காப்பி' என்ற கட்டளை புதிய ஏட்டில் படியெடுத்துக் கொடுக்கும். ஆனால் ஒவ்வோர் ஆளுக்கும் நாள், முன்பணம் என்று உள்ளே தனித்தனிச் சிற்றேடு இருந்தால், மேலேடு மட்டுமே புதிது, சிற்றேடுகள் பழையவையே. அவற்றையும் சேர்த்துப் படியெடுக்க 'டீப்காப்பி' வேண்டும்.

சந்தேகம் வந்தால் 'இஸ்' என்ற சொல்லால் கேட்கலாம். இரண்டும் ஒரே ஏடா என்பது தெரிந்துவிடும். இரட்டைச் சமக்குறியோ, உள்ளே எழுதியிருப்பது ஒன்றுதானா என்று மட்டுமே பார்க்கும்.

பெற்றோர்களே, ஓர் ஏட்டை இருவர் பகிர்வது குற்றமல்ல. பகிர்கிறோம் என்பது தெரியாமல் எழுதுவதே ஆபத்து. பிள்ளை கணினிமுன் அமரும்போது, "இது புது ஏடா, புதுப் பெயர் மட்டுமா?" என்று கேளுங்கள். கணினி அறியாதவரும் கேட்கக்கூடிய கேள்விதான். ஓர் உழைப்பாளியின் கூலி அந்தப் பதிலில் அடங்கியிருக்கலாம்.