நற்பெயரே திறவுகோல்: ஃபுளோரன்ஸ் சிறைத் தப்புதலும் ஊரார் ஊகமும்

கைதி ஒருவர் சிறையிலிருந்து தப்பிவிட்டார் என்ற செய்தி வரும்போது மதில் ஏறினாரா, கம்பியை அறுத்தாரா என்பதே மக்களின் முதல் கேள்வியாக இருக்கிறது. சாவியை வைத்திருந்தவரே கதவைத் திறந்துவிட்டார் என்று தெரிய வந்த நொடியில் அந்தக் கேள்வி மதிலை விட்டு மனத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. எப்படி என்று கேட்டவர்கள் ஏன் என்று கேட்கத் தொடங்குகிறார்கள். சான்றுகளைக் கொண்டு விடை காணக்கூடிய கேள்வி பின்னுக்குப் போய், ஒருவருடைய உள்ளத்துக்குள் புகுந்தாலன்றி விடை காண முடியாத கேள்வி முன்னுக்கு வருகிறது. ஊகம் என்பது போதிய சான்று கிடைக்கும் முன்னரே முடிவுக்கு வருவது. வதந்தி என்பது அந்த முடிவு வாய்க்கு வாய் மாறிச் செய்தியின் உருவத்தைப் பெற்றுவிடுவது. இவ்விரண்டும் ஒரு சிறைத் தப்புதலைச் சூழ்ந்து எவ்வாறு வளர்ந்தன என்பதும், அவ்வளர்ச்சியில் எவை கவனிக்கப்படாமல் போயின என்பதும் இச்சொற்பொழிவின் பொருளாகும்.

எடுத்துக்கொள்ளப்பட்ட நிகழ்ச்சி அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், லாடர்டேல் கவுண்டியின் தலைநகரான ஃபுளோரன்ஸில் 2022 ஏப்ரல் 29 அன்று நடந்தது. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்தைப் போன்ற ஆட்சிப் பிரிவு. அதன் சிறை, மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஷெரீஃப் என்னும் காவல் தலைவரின் பொறுப்பில் இருப்பது. விசாரணைக் கைதிகளும் குறுகிய காலத் தண்டனை பெற்றவர்களும் அங்கே அடைக்கப்படுகிறார்கள். நீண்ட தண்டனை பெற்றவர்களை மாநில அரசின் பெருஞ்சிறைகள் ஏற்றுக்கொள்கின்றன. தமிழகத்தில் வார்டர் என்று வழங்கும் சிறைக் காவலர் அங்கே சீர்திருத்த அலுவலர் என்று அழைக்கப்படுகிறார். ஃபுளோரன்ஸ் சிறையில் அத்தகைய அலுவலர்களுக்கெல்லாம் மேலாளராக, உதவி இயக்குநர் என்ற பதவியில் இருந்தவர் 56 வயதான விக்கி ஒயிட். ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் அங்கே பணியாற்றியவர். பணி ஓய்வுக்கு விண்ணப்பித்திருந்த அவருக்கு அந்த வெள்ளிக்கிழமையே கடைசி வேலைநாள்.

அன்று காலை ஒன்பதரை மணிக்குப் பிறகு, 38 வயதான கேசி ஒயிட் என்ற கைதியை மனநல மதிப்பீட்டுக்காக நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்வதாகக் கூறி, விக்கி ஒயிட் தாம் ஒருவராகவே அவரைக் காவல் வாகனத்தில் ஏற்றிச் சென்றார். அவரை நீதிமன்றத்தில் விட்டுவிட்டு, உடல்நலம் சரியில்லாததால் மருத்துவரைப் பார்க்கப் போவதாகவும் சொல்லியிருந்தார். அப்படி ஒரு மதிப்பீடு அன்று நீதிமன்றத்தில் திட்டமிடப்படவே இல்லை. கேசி ஒயிட், 2015இல் நடத்திய தொடர் வன்முறைக்காக 75 ஆண்டுத் தண்டனை பெற்று, அதே ஆண்டில் ஒரு பெண்ணைக் கொன்றதாகத் தனியே கொலைக் குற்றச்சாட்டையும் எதிர்கொண்டு, அவ்வழக்குக்காக இந்தச் சிறையில் வைக்கப்பட்டிருந்தவர்; ஆறடி ஒன்பது அங்குல உயரமுள்ளவர்; 2020இல் இதே சிறையில் இருந்தபோது பிணைக்கைதி பிடித்துத் தப்பத் திட்டமிட்டதாகக் கண்டறியப்பட்டவர். இத்தகைய கைதியைச் சிறைக்கு வெளியே கொண்டுசெல்லும்போது இரண்டு அலுவலர்கள் உடன் செல்ல வேண்டும் என்பது விதி. காவல் வாகனம் அங்காடி வளாகம் ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில் அன்றே கண்டெடுக்கப்பட்டது. ஆனாலும் இருவரும் திரும்பவில்லை என்பது சிறையில் உணரப்பட்டபோது மாலை மூன்றரை மணி ஆகியிருந்தது.

இடைப்பட்ட ஆறு மணி நேரமும், அதற்குப் பிந்தைய பத்து நாட்களும் ஊகத்துக்கு விளைநிலமாயின. இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருந்ததால் உறவினர்களா, கணவன் மனைவியா என்ற ஐயம் முதலில் எழுந்தது. அவ்வகை உறவு எதுவும் இல்லை என்று அதிகாரிகள் விளக்க வேண்டியிருந்தது. அடுத்து, விக்கி ஒயிட் மிரட்டப்பட்டுக் கடத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் பரவியது. இதை ஷெரீஃப் ரிக் சிங்கிள்டனும் தொடக்கத்தில் விலக்கிவிடவில்லை. எல்லோராலும் மதிக்கப்பட்ட பணியாளர் ஒருவர் தாமே முன்வந்து இதைச் செய்திருப்பார் என்று அவருடன் பணியாற்றியவர்களால் நம்ப முடியவில்லை. மே 2 அன்று, தப்பிச் செல்ல உதவியதாக அவர் பெயரில் பிடியாணை பிறந்த பிறகு எண்ணம் எதிர்த்திசையில் பாய்ந்தது. மறுநாள், கைதிக்கும் அவருக்கும் இடையே தனிப்பட்ட உறவு இருந்ததாகச் சக கைதிகள் தெரிவித்ததை ஷெரீஃப் உறுதிப்படுத்தினார். அன்றிலிருந்து நாடெங்கும் பேசப்பட்டது காதல் கதைதான். சிலர் அவ்விருவரும் பிடிபடாமல் போகட்டும் என்று வாழ்த்தவும் செய்தனர். கொலைக் குற்றச்சாட்டுக்கு உள்ளான ஒருவர் ஆயுதங்களுடன் வெளியே இருக்கிறார் என்பதும், கொலையுண்ட பெண்ணின் குடும்பத்தார் அதைக் கேட்டுக்கொண்டு உறங்க வேண்டியிருந்தது என்பதும் அவ்வாழ்த்தில் இடம்பெறவில்லை. இதை விளையாட்டுப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. அது கொடுமையான மறதி.

வதந்தியைப் பற்றி கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1947இல் வெளியிட்ட நூல் ஒரு விதியை முன்வைத்தது: ஒரு செய்தி கேட்பவருக்கு எவ்வளவு முக்கியமானது என்பதையும், அதில் எவ்வளவு தெளிவின்மை இருக்கிறது என்பதையும் பெருக்கினால் வதந்தியின் அளவு கிடைக்கும், இரண்டில் ஒன்று இல்லையென்றால் வதந்தியும் இல்லை. 1966இல் டமோட்சு ஷிபுடானி என்ற சமூகவியலாளர் வேறொரு கோணத்தில் பார்த்தார். அதிகாரபூர்வமான செய்தி போதாதபோது மக்கள் கூடித் தங்களிடம் உள்ள துண்டுகளை ஒட்டிச் செய்துகொள்ளும் தற்காலிகச் செய்தியே வதந்தி என்பது அவர் கருத்து. ஃபுளோரன்ஸ் நிகழ்ச்சியை இவ்விரு பார்வைகளும் ஓரளவு விளக்குகின்றன. ஆனால் மக்கள் கையில் எடுத்த துண்டுகள் ஏன் இவையாகவே இருந்தன என்பதை இரண்டும் விளக்கவில்லை. வீட்டைச் சந்தை மதிப்பைவிட மிகக் குறைவாக 95,550 டாலருக்கு விற்றது, ஓய்வு நாளையே தப்பும் நாளாகத் தேர்ந்தது, வேறு பெயரில் வாகனம் வாங்கி முன்கூட்டியே நிறுத்தி வைத்தது ஆகிய அனைத்தும் நீண்டகாலத் திட்டத்தைக் காட்டும் செய்திகள். பொதுப்பேச்சோ அவற்றை, அவர் எவ்வளவு ஆழமாகக் காதலித்தார் என்பதற்கான அளவுகோல்களாகவே எடுத்துக்கொண்டது.

தமிழ் அக மரபில் ஊர்ப்பேச்சுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. சிலர் மட்டும் அறிந்து தமக்குள் முணுமுணுப்பது அம்பல். பலரும் அறிய வாய்விட்டுப் பேசுவது அலர். திருக்குறள் காமத்துப்பாலில் அலரறிவுறுத்தல் என்ற தனி அதிகாரமே இருக்கிறது. அலர் காதலைக் கெடுக்காமல் வளர்க்கவே செய்கிறது என்ற எண்ணம் அங்கே பேசப்படுகிறது. இந்தப் பழைய பாகுபாட்டைக் கொண்டு பார்க்கும்போது ஃபுளோரன்ஸ் நிகழ்ச்சியின் உண்மையான கோளாறு புலப்படுகிறது. கேசி ஒயிட்டுக்குக் கூடுதல் உணவும் மற்றவர்களுக்குக் கிடைக்காத சலுகைகளும் கிடைத்தன என்பதைச் சக கைதிகள் அறிந்திருந்தனர். மதிலுக்குள் அம்பல் இருந்தது. அது பார்த்தவர்களின் பேச்சு. அதில் செய்தி இருந்தது. ஆனால் கைதியின் சொல்லைப் பொருட்படுத்தி மேலே கொண்டுசெல்லும் வழி இல்லாததால் அது மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டது. மதிலுக்கு வெளியே எழுந்த அலரோ பார்க்காதவர்களின் பேச்சு. அறிந்தவர்கள் சொன்னதைக் கேட்க ஆளில்லை. அறியாதவர்கள் பேசியதைக் கேட்க நாடே இருந்தது.

அதிகாரம் உள்ளவர் அதிகாரமற்றவரிடம் எவ்வாறு கைநழுவுகிறார் என்பதற்குச் சிறைச் சமூகவியலில் அரை நூற்றாண்டுக்கும் மேல் பழைமையான விளக்கம் ஒன்று இருக்கிறது. நியூ ஜெர்சி மாநிலத்தின் ட்ரெண்டன் நகரில் உள்ள உயர்காவல் சிறையை ஆராய்ந்து கிரெஷாம் சைக்ஸ் 1958இல் வெளியிட்ட நூல், காவலரின் அதிகாரம் வெளிக்குத் தோன்றுவதுபோல முழுமையானது அன்று என்று காட்டியது. கைதிகளுக்குக் கடமையுணர்வு கிடையாது. அடித்து வேலை வாங்கவும் முடியாது. கொடுக்கத்தக்க பரிசும் காவலர் கையில் அதிகம் இல்லை. ஆயினும் தம் பொறுப்பில் உள்ள பகுதி அமைதியாக இருக்கிறதா என்பதைக் கொண்டே மேலதிகாரிகள் காவலரை மதிப்பிடுகிறார்கள். ஆகவே காவலர், கைதிகளின் ஒத்துழைப்பை விலை கொடுத்து வாங்க நேர்கிறது. இந்தச் சீர்கேடு மூன்று வழிகளில் வருவதாக சைக்ஸ் கூறினார்: நாள்தோறும் அருகிருந்து பழகுவதால் வரும் நட்பு, இது கொடுத்தால் அது கிடைக்கும் என்ற கொடுக்கல் வாங்கல், சிறுசிறு பொறுப்புகளைக் கைதிகளிடம் விட்டுவிடும் அசட்டை. ஒரு தனிமனிதரின் இதயத்தைத் துருவாமலேயே அவருடைய வழுக்கலைப் புரிந்துகொள்ள இவ்விளக்கம் இடம் தருகிறது. இந்நிகழ்ச்சியில் அதுவே நேர்மையான வழியும் ஆகும். கேசி ஒயிட் இடையில் மாநிலப் பெருஞ்சிறைக்கு மாற்றப்பட்டிருந்தபோதும் இருவரும் தொலைபேசியில் தொடர்பில் இருந்தனர் என்பது பின்னர் தெரிய வந்தது. நட்பு என்ற முதல் வழி அங்கே ஒரே நாளில் திறந்ததல்ல.

ஃபுளோரன்ஸ் தனி நிகழ்ச்சியும் அன்று. நியூயார்க் மாநிலத்தில் டானமோரா என்ற ஊரில் உள்ள கிளின்டன் சிறையிலிருந்து 2015 ஜூன் தொடக்கத்தில் ரிச்சர்ட் மாட், டேவிட் ஸ்வெட் என்ற இரு கொலைக் குற்றவாளிகள், அறையின் எஃகுச் சுவரை அறுத்து, வெட்டிய நீராவிக் குழாய் வழியே ஊர்ந்து தெருவில் வெளிப்பட்டனர். அறுப்பதற்கான வாள்களை உறைந்த இறைச்சிக்குள் மறைத்து அனுப்பியவர் சிறைத் தையல் கூடத்தின் பயிற்றுநரான ஜாய்ஸ் மிட்செல்; அந்த இறைச்சியைச் சோதனையிடாமல் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தவர் ஜீன் பால்மர் என்ற காவலர். மாட் வரைந்த ஓவியங்களைப் பெற்றுக்கொண்டு சலுகைகள் செய்தவர் பால்மர்; சைக்ஸ் சொன்ன கொடுக்கல் வாங்கலுக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. அங்கும் பொதுப்பேச்சு மிட்செலின் காதலையே சுற்றி வந்தது. 2018இல் தொலைக்காட்சித் தொடராகவும் ஆயிற்று. மாநிலத் தலைமை ஆய்வாளரின் 2016ஆம் ஆண்டு அறிக்கையோ சுவையற்ற செய்திகளைச் சொன்னது: இரவில் கைதிகளை எண்ணும் முறை சரியாகப் பின்பற்றப்படவில்லை, வாயிலில் பணியாளர்களின் பைகள் உரியவாறு சோதிக்கப்படவில்லை. காதல் இல்லாத ஊரிலும் இந்த இரண்டு குறைகளும் இருந்தால் கதவு திறக்கும். தொடருக்குக் கிடைத்த பார்வையாளர்களில் ஒரு சிறு பங்கினராவது அந்த அறிக்கையைப் படித்திருக்க வேண்டும்.

அலபாமாவில் தேடுதலை அமெரிக்க மார்ஷல் சேவை முன்னின்று நடத்தியது. கூட்டரசின் சார்பில் தலைமறைவானவர்களைத் தேடிப் பிடிக்கும் அமைப்பு அது. கேசி ஒயிட்டைப் பற்றித் துப்புக் கொடுப்பவருக்கு 10,000 டாலரும், விக்கி ஒயிட்டைப் பற்றித் துப்புக் கொடுப்பவருக்கு 5,000 டாலரும் பரிசாக அறிவிக்கப்பட்டன. முதல் நாளில் அவர்கள் பயன்படுத்திய ஃபோர்டு வாகனம் டென்னசி மாநிலத்தில் சாலையோரம் விடப்பட்டு, அன்றே இழுத்துச் செல்லப்பட்டு ஓரிடத்தில் நின்றுகொண்டிருந்தது. அது இன்னாருடையது என்று தெரிய ஏறத்தாழ ஒரு வாரம் பிடித்தது. மே 9 அன்று, இண்டியானா மாநிலத்தின் இவான்ஸ்வில் நகரில், வாகனம் கழுவும் இடம் ஒன்றில் அவர்கள் விட்டுச்சென்ற பிக்கப் வண்டி தந்த துப்பைப் பின்பற்றிய காவலர்கள் இருவரையும் துரத்தினர். அவர்கள் சென்ற வாகனம் கவிழ்ந்தது. விக்கி ஒயிட் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார் என்று மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார். அவர்களிடம் ஏறத்தாழ 29,000 டாலர் ரொக்கமும் பல துப்பாக்கிகளும் இருந்தன. தங்கும் விடுதி ஒன்றில் பதினான்கு நாட்களுக்குப் பணம் கட்டியிருந்தனர்.

கேசி ஒயிட் மீது விக்கி ஒயிட்டின் சாவுக்காகவும் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. கொடுங்குற்றம் ஒன்றைச் செய்யும் போக்கில் எவரேனும் இறந்தால், கொல்லும் எண்ணம் இல்லாவிடினும் அச்சாவைக் கொலையாகக் கருதும் சட்டக் கோட்பாடு அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் உண்டு. அதன்படி எழுந்த குற்றச்சாட்டு அது. 2023இல் அவர் தப்பிச் சென்ற குற்றத்தை ஒப்புக்கொண்டதும் அந்தக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டு, ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஒப்புதலால் முடிந்த வழக்கில் விரிவான சாட்சி விசாரணை நடப்பதில்லை. ஆகவே ஏன் என்ற கேள்வி நீதிமன்றத்தில் முழுமையாக ஆராயப்படாமலே முடிந்தது. விடை தரக்கூடிய இருவரில் ஒருவர் உயிருடன் இல்லை.

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடத்தப்பட்டிருப்பார் என்று முதலில் இரங்கியவர்களும், காதலால் கெட்டார் என்று பின்னர் கதை கட்டியவர்களும், அன்று காலை எந்தத் தடையும் சொல்லாமல் அவரை வெளியே விட்ட சிறையும் ஒரே தவற்றைச் செய்தனர். மூவரும் ஒருவரின் குணத்தைக் கொண்டு செயலை அளந்தனர். பதினேழு ஆண்டு நற்பெயர் உடையவர் பொய் சொல்ல மாட்டார் என்று சிறை எண்ணியது. அத்தகையவர் தாமாகச் செய்திருக்க மாட்டார் என்று ஊர் எண்ணியது. செய்தார் என்று உறுதியானதும், அத்தகையவரைக் காதலைத் தவிர வேறெதுவும் அசைத்திருக்காது என்று நாடு எண்ணியது. விதிகள் எழுதப்படுவது நம்பத்தகாதவர்களுக்காக மட்டும் அன்று. நற்பெயர் உடையவரையும் மற்றவரையும் ஒரே வாயிலில் நிறுத்திக் கேட்பதற்காகவே அவை எழுதப்படுகின்றன. இரண்டாவது அலுவலர் எங்கே என்பது குணத்தைப் பற்றிய கேள்வி அன்று, எண்ணிக்கையைப் பற்றிய கேள்வி. அதைக் கேட்பதால் யாரும் யாரையும் அவமதித்துவிடுவதில்லை. ஃபுளோரன்ஸ் சிறையில் அந்த விதி எழுத்தில் இருந்தது. அன்று காலை வாயிலில் அதை நினைவூட்டியிருக்க வேண்டியவர்கள் விக்கி ஒயிட்டுக்குக் கீழே பணியாற்றியவர்கள். அவர்கள் அந்த விதியை மீறாமல் இருக்கிறார்களா என்று பார்த்துவந்தவரும் அவரே. தொலைபேசியில் அவரைப் பிடிக்க முடியவில்லை என்று அவர்களுள் ஒருவர் மேலே தெரிவித்தது மாலை மூன்றரை மணிக்கு.