அவளிடம் நாங்கள் கேட்ட கேள்வி
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பின் சார்பில் பேசக் கேட்டபோது, பழைய பகிடிகளைச் சொல்லலாம் என்றுதான் நினைத்தோம். ஆனால் நாங்கள் நெடுங்காலம் கதைக்காமல் விட்ட ஒரு விடயம் இருக்கிறது.

எங்களோடு படித்த ஒருத்தி, 1990இல் வயிற்றில் பிள்ளையோடு காங்கேசன்துறையை விட்டு இடம்பெயர்ந்தாள். மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். ஷெல்லுக்குப் பயந்தபடியால் என்றார் மாமியார். கிரகணம், நாவூறு என்றார்கள் அயலவர்கள். நாங்களோ, "நீ பிள்ளையோடு கதைக்கிறது குறைவோ?" என்று கேட்டோம். படித்தவர்கள் அல்லவா!

எங்கள் கேள்வி ஒரு காலத்தில் மருத்துவ நூல்களிலும் இருந்தது. 1943இல் லியோ கானர் 11 பிள்ளைகளை விவரித்து ஓட்டிசத்தை எழுதியபோது, பெற்றோரின் அன்புக் குறைவையும் குறிப்பிட்டார். பின்வந்தோர் தாயையே குற்றவாளி ஆக்கினர். ஓட்டிசம் உள்ள பிள்ளையின் தந்தையான பேர்னார்ட் றிம்லண்ட் 1964இல் அதை மறுத்து நூல் எழுதினார். 1977இல் பிரித்தானியாவில் இரட்டையரை ஆராய்ந்தபோது பரம்பரையின் பங்கு தெளிவானது. இன்று, நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் சம்பந்தப்படுவது தெரியும். பெற்றோரின் கூடிய வயது, குறைமாதப் பிறப்பு, கர்ப்பத்தில் எடுக்கும் வல்புரோயேட் என்ற வலிப்பு மருந்து ஆகியன சாத்தியத்தைக் கூட்டுகின்றன. (அம்மருந்தை டொக்டரைக் கேளாமல் நிறுத்திவிட வேண்டாம்.) ஷெல் சத்தம்தான் காரணம் என்று எவராலும் காட்ட முடியாது. அதே பங்கருக்குள் எங்களில் எத்தனை கர்ப்பிணிகள் இருந்தோம்!

இப்போது வட்ஸ்அப்பில் வருவது தடுப்பூசிக் கதை. 1998இல் வேக்ஃபீல்ட் என்ற வைத்தியர் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையில் தொடங்கியது அது. 2010இல் லான்செற் சஞ்சிகை அதை மீளப்பெற்றது. அவரது வைத்தியப் பதிவும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 650,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2019இல் வெளிவந்த ஆய்விலும் தொடர்பு இல்லை. ஊசி போடும் வயதும், பேச்சுப் பிந்துவதைப் பெற்றோர் கவனிக்கும் வயதும் ஒன்றாக வருகின்றன, அவ்வளவுதான்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று: வீட்டில் தமிழ் பேசுவதால் ஓட்டிசம் வராது. பேரனோடு தமிழில் கதையுங்கள். ஒன்றரை வயதில் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், சுட்டிக்காட்டாவிட்டால், காரணம் தேடாமல் கிளினிக்குக் கொண்டுபோங்கள்.

எங்கள் சிநேகிதி காரணம் தேடியே நேர்த்திகளில் ஐந்து வருடம் இழந்தாள். பேச்சுப் பயிற்சி பிந்தித்தான் கிடைத்தது. அவளிடம் கேட்டுவிட்டே இதைச் சொல்கிறோம். மகனோடு பின்வரிசையில் இருக்கிறாள். அன்று கேட்ட கேள்விக்காக இன்று மன்னிப்புக் கேட்கிறோம்.