சட்டம் கொடுத்தல்

சட்டம் என்றதும் இக்காலத்தவர்க்கு நினைவில் எழுவன நீதிமன்றமும் தண்டனையுமே. மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், அச்சொல்லுக்கு இனிமையான வேறொரு பொருளும் உண்டு. ஓர் ஊரார் கூத்தாடத் துணிந்தால், இன்னார்க்கு இன்ன வேடம் என வகுத்து, நல்ல நாள் பார்த்து, அவரவர் பாடவேண்டிய பாட்டுகள் எழுதிய ஏட்டை அண்ணாவியார் ஒவ்வொருவர் கையிலும் வழங்குவார். இதற்குச் 'சட்டம் கொடுத்தல்' என்று பெயர். அன்று தொடங்கும் பயிற்சி பல மாதம் நீளும். சதங்கை அணிதல், அரங்கேற்றம் எல்லாம் அதன் பின்னரே.

இப்பெயர் எங்கிருந்து வந்தது? எழுதுவதற்கென நறுக்கிச் செப்பம் செய்த பனையோலைக்குச் சட்டம் என்பது பழம்பெயர். திண்ணைப் பள்ளியில் ஏனைய சிறுவரை மேற்பார்த்த மூத்த மாணவனைச் சட்டாம்பிள்ளை என்றழைத்ததும் இங்கே எண்ணத்தக்கது. அண்ணாவி என்பதும் அத்தகையதே. அண்ணன் என்னும் உறவுப்பெயரை ஒட்டி வளர்ந்த அச்சொல், தமிழ்நாட்டின் தென்பகுதியில் எழுத்தறிவிக்கும் ஆசானையே குறித்தது. ஆகவே கூத்துக்களரியின் தலையாய இரு சொற்களும் பள்ளிக்கூடத்துச் சொற்களாம். இதில் வியப்பு யாது? பகலெல்லாம் வயலிலும் வாவியிலும் உழைத்தவர் இரவில் பாரதமும் இராமாயணமும் பயின்ற பள்ளி அக்களரியன்றோ! எழுத்தறியாதவருக்குப் பிறர் படித்துக்காட்ட, அவர் செவிவழியே மனனம் செய்தனர். காலப்போக்கில் ஓலை போய்க் கொப்பி வந்தது. சட்டம் என்ற பெயர் போகவில்லை.

ஆயினும் ஒன்று கவனிக்கவேண்டும். சட்டம் பெற்றவன் பெறுவது தன் பங்கை மட்டுமே. கர்ணனாக ஆடுபவன் கையில் கர்ணன் பாட்டே இருக்கும். முழுக் கூத்தும், அதற்குரிய தாளக்கட்டுகளும், ஆட்டமுறையும் அண்ணாவியாரிடமே தங்கின. நாள்தோறும் களரியைச் சூழ்ந்திருந்த ஊரவர் கேட்டுக் கேட்டுப் பிறர் பாட்டையும் அறிந்துகொண்டனர் என்பது மெய்யே. எனினும், தக்க மாணாக்கன் வாயாமல் ஓர் அண்ணாவியார் மறைந்தால், சிதறிய சட்டங்களைக் கூட்டி ஒரு கூத்தை மீட்பது எளிதன்று. கொடுத்தலைப் பெயரிலேயே கொண்ட மரபில் இப்படியொரு குறை இருந்தது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962ஆம் ஆண்டில் 'அலங்காரரூபன் நாடகம்' என்னும் மட்டக்களப்புக் கூத்தை நூலாகப் பதிப்பித்தார். எல்லார் சட்டமும் ஒரே நூலுள் அமைந்தன. ஆனால் மத்தளத்தின் சொற்கட்டும் காலடியும் அச்சில் ஏறுமா? அதனை அவரும் உணர்ந்திருந்தார் போலும். அதே ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' என்னும் கூத்தை மேடையேற்றியபோது, ஆட்டம் பழக்க வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரையே அழைத்தார். பட்டம் பெறவந்த மாணவர் நாட்டுப்புற ஆசானிடம் பாடங்கேட்டனர். அவர்களுள் ஒருவரான சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே ஆராய்ந்து, 1983இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

கிழக்குப் பல்கலைக்கழகம் இன்று அமைந்திருப்பதும் செல்லையா அண்ணாவியாரின் அந்த வந்தாறுமூலையிலேயே.