துறைமுகத்துக்குப் பெயிண்ட் அடித்தவர்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன மாசம் இன்ஸ்டால ரெண்டு வாட்டர் கலர் படம் போட்டிருந்தேன், பார்த்திருப்பீங்க. ஒண்ணு கோபன்ஹேகன்ல இருக்கிற நியூஹாவ்ன் துறைமுகம். மஞ்சள், நீலம், செங்கல் சிவப்புன்னு வரிசையா வீடுகள், முன்னாடி பழைய மரக்கப்பல்கள். இன்னொண்ணு ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துல இருக்கிற எங்க சித்தப்பா வீடு. கிளிப்பச்சைச் சுவர், வயலட் தூண், ஆரஞ்சு சன்ஷேடு, மஞ்சள் கேட்.

முதல் படத்துக்கு வந்த கமெண்ட் எல்லாம் "ப்ரோ, ஃப்ரேம் போட்டு மாட்டுங்க", "ஒரு தடவையாவது போகணும்" ரகம். ரெண்டாவதுக்கு சிரிக்கிற எமோஜி. "பெயிண்ட் கடையில மிச்சம் இருந்ததெல்லாம் ஊத்திட்டாங்களா?"ன்னு ஒருத்தர். நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். நியூஹாவ்ன் படத்துல வீடுகளுக்கு மட்டும் 7 நிறம். சித்தப்பா வீட்டுல 4.

அங்க இருந்தா அழகு, இங்க இருந்தா காமெடி. இது எப்படி நடக்குது? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன். நடுவுல கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் டிகிரி கணக்கு வரும், பொறுத்துக்கோங்க. இன்ஜினியரிங் படிச்ச பழக்கம், விடாது.

வேலை விஷயமா 7 மாசம் கோபன்ஹேகன்ல இருந்தேன். வார இறுதியில ஒரு சின்ன பெயிண்ட் டப்பா, 300 ஜிஎஸ்எம் பேப்பர், ஒரு தண்ணி பாட்டிலோட நியூஹாவ்ன் போயிடுவேன். நியூஹாவ்ன்னா அப்படியே 'புதுத் துறைமுகம்'னு அர்த்தம். பேர்தான் புதுசு, ஆனா அது 1670-கள்ல ஐந்தாம் கிறிஸ்டியன் மன்னர் காலத்துல வெட்டின கால்வாய். கடல்ல இருந்து கப்பல் நேரா ஊருக்குள்ள வரணும்னு வெட்டினது. குழந்தைக் கதைகள் எழுதின ஆண்டர்சன் அங்க 3 வீடுகள்ல வெவ்வேறு காலத்துல குடியிருந்திருக்கார்.

இன்னைக்கு அது போஸ்ட்கார்டு. ஆனா ரொம்ப காலம் அது மாலுமிகள் பேட்டை. சாராயக் கடை, பச்சை குத்துற கடை, சண்டை. நல்ல குடும்பத்துப் பசங்க அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு சொல்ற மாதிரியான இடம். 1980-ல தான் கரையோரத்துல வண்டிகளை நிறுத்திட்டு நடைபாதையா மாத்தினாங்க. கலர் வீடு உயர்ந்த ரசனைன்னு அங்கயும் எப்பவும் யாரும் மாலை போட்டு வச்சிருக்கல. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்போ வெளிச்சம். படம் வரையிறவங்களுக்கு இதுதான் பாதி விஷயம். கோபன்ஹேகன் ஏறக்குறைய 55.7 டிகிரி வடக்குல இருக்கு. டிசம்பர் கடைசியில நண்பகல்லயே சூரியன் அடிவானத்துக்கு மேல சுமார் 11 டிகிரி உயரத்துலதான் நிக்கும். நம்ம ஊர்ல காலையில ஆறே முக்கால், ஏழு மணிக்கு இருக்கிற வெயில் அங்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல இருக்கும். வெயில் பக்கவாட்டுல சுவர் மேல விழும். மஞ்சள் சுவர் பொன்னா மாறும், நிழல் நீளமா நீலமா விழும். யாரு வரைஞ்சாலும் படம் நல்லா வந்துடும். என் படம் நல்லா வந்ததுல பாதி கிரெடிட் அந்தச் சூரியனுக்கு.

தஞ்சாவூர்ப் பக்கம் சுமார் 11 டிகிரி வடக்கு. ஏப்ரல் மூணாவது வாரத்துலயும் ஆகஸ்ட் கடைசியிலயும் நண்பகல்ல சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேல வரும். அப்போ வெளிச்சம் சுவர் மேல விழாது, தரையிலயும் மொட்டை மாடியிலயும்தான் விழும். கண்ணு கூசும், சுவர் நிறம் செத்துப் போகும். அந்த நேரத்துல போன்ல எடுத்த படத்தைப் பார்த்துட்டு "நம்ம ஊர்க் கலர் கண்ணை உறுத்துது"ன்னு சொல்றோம். அதே சுவரைக் காலையில ஏழரைக்குள்ள பாருங்க, இல்லேன்னா சாயங்காலம் நாலரைக்கு மேல பாருங்க.

அதை நான் சரியா பார்த்தது தரங்கம்பாடியில. தஞ்சாவூர்ல இருந்து சுமார் 100 கிலோமீட்டர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியா பஸ். கோபன்ஹேகன்ல வரைஞ்சவன் அங்க போய் வரையணும்னு ஆசைப்பட்டது இயல்புதானே, ரெண்டு ஊருக்கும் 1620-ல இருந்து பழக்கம். தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரங்களோட ஒப்பந்தம் போட்டு இடம் கொடுத்தார், டேன்ஸ்போர்க் கோட்டை வந்தது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டுல எழுதி அனுப்பின கடிதம் இன்னும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்துல இருக்கு. 1845-ல செராம்பூரோட சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு வித்துட்டுக் கிளம்பிட்டாங்க.

கோட்டையோட கடல் பக்கம் கிழக்கு பார்த்தது. அதனால விடிஞ்சதும் வெயில் நேரா அதுமேலதான் அடிக்கும். யெல்லோ ஆக்கர்ல ஒரு துளி பர்ன்ட் சியன்னா சேர்த்தா அந்த நிறம் கிடைச்சிடும். சாயங்காலம் அதே இடத்துல நின்னா கோட்டை வெறும் கறுப்பு உருவம். அப்போ ராஜா தெருவுக்கு வந்துடணும். தெருவோட மேற்கு முனையில 1792-னு போட்ட வெள்ளை நுழைவாயில் இருக்கு, வெயில் அது வழியா தெரு நீளத்துக்கும் வரும். கடற்கரையில மாசிலாமணிநாதர் கோவில், 1306-ல பாண்டிய மன்னர் மாறவர்மன் குலசேகரன் காலத்துல கட்டினது. முன் பக்கத்தைக் கடல் கொண்டு போயிடுச்சு.

அங்க கவர்னரா இருந்த பீட்டர் ஆங்கர்னு ஒருத்தர், நார்வேக்காரர், 1806 வரைக்கும் இருந்தார், நல்லா வரைவார். தென்னிந்தியக் கோவில்கள், இடிபாடுகள், கடற்கரைன்னு நிறைய வாட்டர் கலர். அந்தத் தொகுப்பு ஓஸ்லோவுல இருக்கு. அதே காலத்துல தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல்னு இங்கிலாந்துல இருந்து வந்த ஒரே குடும்பத்து ஜோடி தஞ்சாவூர்ப் பெரிய கோவிலை வரைஞ்சாங்க. அழகான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் காலத்து வெள்ளைக்காரர் படங்களைத் தொடர்ந்து பார்த்தா ஒண்ணு தெரியும். எல்லாம் பழுப்பு, சாம்பல், மங்கின பச்சை. பழசாகி அமைதியாக் கிடக்கிற இந்தியா. 'ஹெரிடேஜ்'னா இந்த நிறம்தான்னு நம்ம மண்டையில உட்கார்ந்ததுல இந்தப் படங்களுக்கும் பங்கு உண்டுன்னு நான் நினைக்கிறேன். இப்போ ஹோட்டல்காரங்க பழைய வீட்டை வாங்கினா முதல்ல பண்றது வெளிர் மஞ்சள் அடிக்கிறது.

இத்தனைக்கும் அந்தக் கப்பல்கள் இங்க வந்ததே நிறத்துக்காகத்தான். மிளகு ஒரு காரணம், ஆனா சோழமண்டலக் கரையில பெரிய சரக்கு துணி. சாயம் போகாத துணி. கடலோர மணல்ல விளையிற சாயவேர் கொடுக்கிற சிவப்பு, அவுரி கொடுக்கிற நீலம், கையால வரைஞ்ச பூ. துவைச்சாலும் நிக்கிற அந்தச் சிவப்பை ஐரோப்பா ரொம்ப காலம் ஆச்சரியமா பார்த்துச்சு. கும்பகோணம் பக்கம் கருப்பூர்ல தஞ்சை மராட்டிய அரண்மனைக்காக நெய்து, மெழுகு வச்சு, சாயம் போட்ட சேலைகளை இன்னைக்கு மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னாடிதான் பார்க்கணும். நிறம் இந்தக் கரையில இருந்து கப்பல் ஏறிப் போன சரக்கு. நாம இப்போ அதைப் பார்க்க டிக்கெட் போட்டு அங்க போறோம்.

சரி, சித்தப்பாவுக்கு வர்றேன்.

சித்தப்பா 18 வருஷம் சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேலை பார்த்தவர். ப்ளாஸ்டிங், பெயிண்டிங். கப்பலைத் தண்ணியில இருந்து வெளிய எடுத்து, துருவையும் பழைய பெயிண்டையும் மணல் மாதிரித் துகளை அடிச்சுச் சுரண்டி, மறுபடி பெயிண்ட் அடிக்கிற வேலை. கப்பலோட அடிப்பகுதி பெரும்பாலும் சிவப்பா இருக்கும் பாருங்க, அது ஏன்னு எனக்குச் சொன்னதே அவர்தான். பாசியும் சிப்பியும் ஒட்டாம இருக்க அந்தப் பெயிண்ட்ல செம்பு ஆக்சைடு கலப்பாங்க, அதோட நிறமே சிவப்பு. என் நியூஹாவ்ன் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். வீடுகளைப் பத்தி ஒண்ணும் சொல்லல. "கப்பலுக்கு வாட்டர்லைன் கோணலா இருக்கு தம்பி"ன்னார். சரியாத்தான் சொன்னார்.

அவர் தங்கியிருந்த டார்மிட்டரி சுவர் சாம்பல், படிக்கட்டு சாம்பல், கட்டில் இரும்பும் சாம்பல். ஞாயித்துக்கிழமை மட்டும் தேக்காவுக்கு வருவார். லிட்டில் இந்தியாவை நம்ம ஆளுங்க தேக்கான்னுதான் சொல்வாங்க. அங்க கெர்பாவ் ரோட்டுல டான் டெங் நியா வீடுன்னு ஒண்ணு இருக்கு, 1900-ல ஒரு சீன வியாபாரி கட்டினது. இப்போ ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு கலர், ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கலர். அதுக்கு முன்னாடி நின்னு எடுத்த போட்டோ சித்தப்பாகிட்ட 11 இருக்கு. ஒவ்வொண்ணுலயும் சட்டை வேற, முடி கொஞ்சம் கொஞ்சமா குறையுது, பின்னாடி வீடு மட்டும் அப்படியே.

"ஊர்ல வீடு கட்டினா இந்த மாதிரி அடிக்கணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்"ன்னார். "அங்க அடிச்ச பெயிண்ட் எல்லாம் எவன் கப்பலுக்கோ. நிறத்தை அவன் சொல்வான், நான் அடிப்பேன். இது ஒண்ணுதான் நானா பார்த்து எடுத்த கலர்."

திரும்பி வந்து வீடு கட்டினப்போ பெயிண்ட் கடையில கலர் மிஷின் முன்னாடி அரை நாள் உட்கார்ந்து ஷேடு கார்டைப் புரட்டினாராம். நம்ம தாத்தா காலத்துல சுண்ணாம்பு, அதுல கொஞ்சம் நீலம், திண்ணைக்குக் காவி, அவ்வளவுதான் சாத்தியம். இப்போ ஆயிரக்கணக்குல ஷேடு. வெளிநாடு போய் வந்தவன் ஒருத்தன் பார்த்ததை வச்சு ஒரு கட்டடத்துக்கு நிறம் தீட்டுறான். நான் பேப்பர்ல பண்ணதும் அதுதானே? என்ன, என்னோடது டிராயர்ல வச்சுப் பூட்டிடலாம். அவரோடது ரோட்டுல நிக்குது, போறவன் வர்றவன் எல்லாம் கருத்து சொல்வான்.

இப்போ பிரச்சினை என்னன்னா, தங்கச்சிக்கு தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள வீட்டுக்கு 'டீசன்ட்டா' ஏதாவது அடிச்சிடலாம்னு சொந்தக்காரங்க பேச்சு. டீசன்ட்னா வெளிர் சாம்பல், வெள்ளை பார்டர். சென்னை அபார்ட்மென்ட் மாதிரி. தங்கச்சிக்கே அதுதான் விருப்பம். அவளைக் குத்தம் சொல்ல முடியாது, ஸ்கூல் முழுக்க 'பச்சை வீட்டுப் பொண்ணு'ன்னு கூப்பிட்டா யாருக்குத்தான் பிடிக்கும்? நான் வாரக் கடைசியில பஸ் பிடிச்சு வந்து வரைஞ்சுட்டுப் போறவன். நான் "ஆஹா, என்ன கலர்"னு சொல்றது ரொம்ப சுலபம்.

அதனால நான் யார்கிட்டயும் வாதாடல. வரைஞ்சேன். ஐப்பசி மாசம், மழை விட்ட ஒரு காலை, ஏழு மணி. கல்லணைக் கால்வாய்த் தண்ணி பாயுற வயல் அது, வீட்டுக்குப் பின்னாடி சம்பா நடவு முடிஞ்சு பச்சை பிடிச்சிருந்தது. நாத்தோட பச்சையில மஞ்சள் அதிகம். அதுக்கு எதிர் நிறம் வயலட், சித்தப்பா தூணுக்கு அடிச்சிருக்கிறது அதேதான். கலர் வீல் எதுவும் பார்க்காம எடுத்திருக்கார். சன்ஷேடு ஆரஞ்சு வெயில்ல எரிஞ்சது. கிளிப்பச்சைதான் கஷ்டம், டியூப்ல வர்ற எந்தப் பச்சையும் ஒத்து வரல. லெமன் எல்லோல கொஞ்சம் தாலோ ப்ளூ விட்டு 3 தடவை கலக்கினப்புறம் கிட்ட வந்தது. சித்தப்பா பின்னாடி நின்னு, "ப்ரைமர் இல்லாம அடிக்கிற, நிக்குமா?"ன்னார்.

அந்தப் படத்தைத்தான் நீங்க இன்ஸ்டால பார்த்தீங்க. தங்கச்சி அதை வாங்கிக்கிட்டுப் போய் போன்ல ஸ்டேட்டஸ் வச்சா. மாப்பிள்ளை அதுக்கு ஹார்ட் போட்டிருக்கார், வீட்டைப் பார்த்தா படத்தைப் பார்த்தான்னு தெரியல. பெயிண்டர் அண்ணன் கார்த்திகை கடைசியில வர்றதாச் சொல்லியிருக்கார். சாம்பல் நிறத்துக்கு அட்வான்ஸ் இன்னும் கொடுக்கல. நேத்து போன்ல கேட்டேன், "முன்பக்கம் அவ இஷ்டம், கொல்லைப்பக்கம் என் இஷ்டம்னு பேசிக்கிட்டு இருக்கோம்"ன்னார். வயல் பார்த்த பக்கம் அதுதான்.

படங்கள் எல்லாம் இந்தப் பக்கத்துலயே கீழ போட்டிருக்கேன், தரங்கம்பாடி காலை, சாயங்காலம் ரெண்டும் சேர்த்து. உங்க தெருவுல இந்த மாதிரி ஒரு வீடு இருந்தா காலையில ஏழு மணிக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க, முடிஞ்சா அந்தக் கலர் எங்க பார்த்து எடுத்தாங்கன்னும் கேளுங்க. அடுத்த எபிசோட் ரெண்டு வாரம் கழிச்சு. வர்றேன்.